லக்கி என்கிற

1

இந்தக் கதை எனக்கு விருத்தாசலம் ஜங்ஷன் முன்பதிவுக் கவுன்டரில் கிடைத்தது. கண்ணாடிக்கு உள்பக்கம் உட்கார்ந்து டிக்கெட் போட்டுத் தருகிறவன் நான். கதை எழுதுவது வீட்டுக்குப் போன பிறகு, அதுவும் எப்போதாவது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் படிவத்தை உள்ளே தள்ளினார். நக இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ ஊறிப் படிந்திருந்தது. இந்த ஊர்க்காரனுக்கு அது செராமிக் யூனிட்டில் ஒட்டிய மண் என்று சொல்லத் தேவையில்லை. படிவத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயர் அடிக்கப்பட்டிருந்தது.

"இது யாரு? வராங்களா, வரலையா?"

"வரல சார்."

"அப்பறம் ஏன் எழுதுனீங்க?"

"ரெண்டு நாளா இந்தப் பேரத்தான் எழுதிட்டு இருக்கன் சார். கை தானா எழுதிடுச்சி."

வேறு படிவம் கொடுத்தேன். இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டேன். பின்னால் வரிசை நின்றதால் மேலே கேட்கவில்லை. மதியம் வேலை முடிந்து வெளியே வந்தபோது அவர் டீக்கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் இனியவன். அன்றைக்குப் பாதியும் அடுத்தடுத்த மாதங்களில் மீதியுமாக அவர் சொன்னதுதான் இது. சொன்னதை அப்படியே எழுதவில்லை. எங்கெங்கே கைவைத்தேன் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்மேல் ஏறிய அவன் —"

நிறுத்திவிட்டேன். ஒருவன் விழப்போவதைக் காட்டி உங்களைப் பிடித்து உட்காரவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. விழுவதற்கு முன்னால் அவன் இந்த ஊரில் இரண்டு வருஷம் நடந்திருக்கிறான், ஓடியிருக்கிறான், கோல் போட்டிருக்கிறான்.

இரண்டாவது தொடக்கம்:

"இங்கிலாந்தின் வடக்கே ஹார்ட்டன்வேல் என்றொரு சிற்றூர். அங்கே பனி —"

இதையும் விட்டுவிட்டேன். வடக்கே நான் நெல்லூரைத் தாண்டியதில்லை. அந்தப் பனியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

மூன்றாவதுதான் கீழே இருப்பது. இனி கதைக்குள் அவரை 'அவன்' என்றே எழுதுகிறேன். கதையில் மரியாதை தூரமாக நிற்கிறது.

3

இனியவனுக்குச் செராமிக் யூனிட்டில் கிளேஸ் முக்கும் வேலை. அச்சில் வார்த்துக் காயவைத்த, மின்பெட்டியில் செருகும் ஃப்யூஸ் கேரியர்களைப் பளபளப்புப் பூச்சுக்கான வெள்ளைக் குழம்பில் முக்கி எடுத்து, அடியைத் துடைத்து, சூளைக்குப் போகும் பலகையில் அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் குறையாது. ஐந்து மணிக்கு வேலை விட்டதும் யூனிட்டுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் பந்தாட்டம். சவுக்குக் கழியை நட்டு கோல் போஸ்ட் ஆக்கியிருந்தார்கள். இனியவன் கோல் கீப்பர்.

அணிக்குத் தலைவன் ராஜ்மோகன். ஜங்ஷன் போகிற ரோட்டில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ரிப்பேருக்கு வந்த டிவியைச் சோதித்துப் பார்க்க ஏதோ ஒரு இங்கிலீஷ் கால்பந்து ஆட்டத்தை ஓடவிட்டான். ஹார்ட்டன்வேல் ரோவர்ஸ் என்கிற கிளப். அதன் முதலாளி தாய்லாந்துக்காரர். வர்ணனை செய்தவர் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் மூச்சு வாங்கி, திரும்பத் தொடங்கி, கடைசியில் "நம் மதிப்புக்குரிய சேர்மன்" என்று முடித்துக்கொண்டார். கடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை, அந்த ஆள் இந்தத் தடவையாவது சொல்லிவிடுகிறாரா என்று பார்ப்பதற்காகவே வந்தார்கள். அப்படி வந்தவர்கள்தான் ரசிகர்களாகிப்போனார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்த பிறகு அந்த முதலாளி எழுந்து நின்று நான்கு பக்கமும் திரும்பி இரண்டு கை கூப்புவார். தோற்றாலும் கூப்புவார். "பணக்காரன் எவன்டா இப்டி கும்புடறான்?" என்பான் ராஜ்மோகன்.

அவர் பெயர் தீரவத் ரத்தனமொங்கொன்சைசகுன்.*

* கிளப்பின் பெயரும் இந்தப் பெயரும் நான் வைத்தவை. உண்மைப் பெயரின் நீளத்தில் மட்டும் கைவைக்கவில்லை. பதினோரு அசை. பெயரைப் பற்றிய கதையில் பெயரை மாற்றுவது சரியா என்று யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை, மாற்றிவிட்டேன்.

4

லக்கி எப்படி வந்தான் என்பதை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவன் கொஞ்சம் அதிகமாக நல்லவனாக வந்தான். இறந்தவர்களை எழுதும்போது பேனா சாய்ந்துவிடுகிறது. அதனால் இனியவன் சொன்ன இரண்டு குறைகளை முதலில் போட்டுவிடுகிறேன்: லக்கி பந்தை யாருக்கும் கொடுக்கமாட்டான். தோற்றால் இரண்டு நாள் பேசமாட்டான்.

ஏஜென்ட் ஒருவர் வடக்கே இருந்து ஆறு பேரை யூனிட்டுக்குக் கூட்டிவந்தார். ஐந்து பேர் சூளைச் சூடு தாங்காமல் வேறு ஊர் போய்விட்டார்கள். ஒருவன் தங்கினான். ஒரு நாள் அவன் பொட்டலின் ஓரத்தில் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே போன பந்தை மார்பில் வாங்கி, தரையைத் தொடவிடாமல் இடது காலால் நேராக ராஜ்மோகன் காலடிக்கே அனுப்பினான்.

"யார்றா இவன்! தம்பி, உம் பேரு இன்னா?"

அவன் ஏதோ சொன்னான். மெயின் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இன்னாது, லக்கியா? சரி லக்கி, லெஃப்ட்ல நில்லு."

அவ்வளவுதான். யூனிட்டிலும் லக்கி, டீக்கடையிலும் லக்கி. சம்பள நோட்டில் ஏஜென்ட் பெயருக்கு நேராகக் கோடு போட்டு 'ஆள் 1' என்று இருக்கும். பொங்கலன்று இனியவன் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். இனியவனின் மனைவி தென்றல் இலை போட்டுப் பரிமாறினாள். லக்கி மூன்று தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டான். அவளும் லக்கி என்றுதான் கூப்பிட்டாள்.

5

ஹார்ட்டன்வேல் முதலாளிக்கு அறுபது வயது நிறையப்போவதாகக் கிளப்பின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. எந்த நாட்டு ரசிகரானாலும் அவர் பெயரைச் சரியாகச் சொல்லி வாழ்த்தும் வீடியோ அனுப்பலாம். சரியாகச் சொன்னவர்களை ஸ்டேடியத்தின் பெரிய திரையில் காட்டுவார்கள்.

"அறுபதாங் கல்யாணம்டா மாப்ள. நாம வாழ்த்தாம இருக்க முடியுமா?" என்றான் ராஜ்மோகன்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். மங்கலம்பேட்டை கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சாதிக் பாய் ஒன்பது வருஷம் பேங்காக்கில் ரத்தினக் கல் வியாபாரம் செய்யும் கடையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை நான்கு பைக்கில் எட்டுப் பேர் போனார்கள். பாய் போனில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எழுதறது மங்கல். சொல்றது மொங்கொன். கடைசில 'ல்' வந்தா 'ன்' ஆக்கிடுவாங்க தம்பி, அவங்க நாக்கு அப்டி. இது நம்ம மங்கலந்தான்."

"மங்கலம்பேட்ட மங்கலமா பாய்?"

"அதேதான். ரத்தன, ரத்தினம். சை, செயம். சகுன்னா குலம். பயப்படாதீங்க, எல்லாம் நம்ம வூட்டுச் சாமான்தான், வேற அலமாரில இருக்குது."

மூன்று வாரம் பயிற்சி. கேரியரைக் குழம்பில் முக்கும்போது ஒரு அசை, எடுக்கும்போது ஒரு அசை என்று இனியவன் சொல்லிக்கொண்டே இருந்தான். தீ. ர. வத். ரத். த. ன. அடுத்த அசையில் மாட்டிக்கொள்வான். அவன் வாயில் அது மங்கு, முங்கு, மொக்கு என்று எல்லாமாகவும் வந்தது. காயவைக்கும் பலகைகளுக்கு அந்தப் பக்கமிருந்து லக்கி எட்டிப்பார்த்தான்.

"அண்ணா, வாய் இல்ல. மூக்கு. மூக்குல."

தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "மொங்" என்றான். மணி அடித்த மாதிரி இருந்தது. அவனுக்கு முதல் நாளே முழுப் பெயரும் வந்துவிட்டிருந்தது. பாய்கூட, "இந்தப் புள்ள நாக்கு தாய்லாந்து நாக்கு" என்று சொல்லியிருந்தார். பிறகு மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் லக்கிதான் வாத்தியார். தப்பாகச் சொன்னால் தலையில் செல்லமாக ஒரு குட்டு விழும். குட்டு வாங்கியவர்களில் யாரும் அவனிடம், உன் முழுப் பெயர் —

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நீங்களே முடித்திருப்பீர்கள்.]

வீடியோ எடுத்தது லக்கி. சூளைக்கு முன்னால் ஏழு பேர் ஜெர்ஸி போட்டுக்கொண்டு நின்று ஒரே குரலில் அந்தப் பெயரைச் சொல்லிக் கை கூப்புகிறார்கள். பதினெட்டு நொடி. நான் அதைப் பல தடவை பார்த்தேன். தொடக்கத்தில் படத்துக்கு வெளியே ஒரு குரல், "ஏக், தோ, தீன்" என்று எண்ணுகிறது. லக்கியின் குரலாக என்னிடம் இருப்பது அந்த மூன்று சொல்தான்.

ஏன் அவன் எடுத்தான்? இனியவன் என்னிடம் முதலில் சொன்னது: "அவன் கை ஆடாது சார், அதான்." இரண்டு மாதம் கழித்து, கேட்காமலே சொன்னது: "ஏழு ஜெர்ஸிதான் சார் வாங்குனம்."

எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் எழுதிவிட்டேன்.

6

அந்த வியாழக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது.

கூரையில் ஒரு ஷீட் விரிசல் விட்டு, இன்னும் சூளைக்குப் போகாத பச்சைச் சாமான்கள்மேல் சொட்டியது. பச்சை மண்ணில் தண்ணீர் பட்டால் போச்சு. யாரோ தார்ப்பாயை எடுத்துக் கொடுத்தார்கள். லக்கி ஏணி வைத்து ஏறினான். யாரும் ஏறச் சொல்லவில்லை, யாரும் ஏறாதே என்றும் சொல்லவில்லை என்று இனியவன் சொன்னான். தார்ப்பாயை விரித்துக் கல் வைத்துவிட்டுத் திரும்பும்போது கால் வைத்த ஷீட் உடைந்தது. பதினைந்து அடி. கீழே சிமென்ட் தரை.

இனியவன் ஓடிப்போய்த் தூக்கினான். காதில் ரத்தம் வந்தது. மூச்சு இருந்தது. ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி. இனியவன்தான் கூடவே போனான். வேறு யாரும் ஏறவில்லை. அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் பேனாவும் அட்டையுமாக வந்தார்.

"பேஷன்ட் பேரு?"

"லக்கி."

"முழுப் பேரு சொல்லுங்க."

இனியவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"அப்பா பேரு? ஊரு?"

"வடக்கங்க. பீகார் மாதிரி..."

"மாதிரின்னா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"ஃப்ரெண்டுங்க."

நர்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை, அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. 'லக்கி, சுமார் 25, ஆண், தகப்பனார் பெயர் தெரியாது' என்று எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த நேரத்தில் தன் தலைக்குள் என்ன ஓடியது என்று இனியவன் என்னிடம் சொன்னதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். கதைக்காகச் செய்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் அவன் சொன்னது. பெயர் என்று கேட்டதும் அவன் வாய்க்கு வந்தது ஹார்ட்டன்வேல் முதலாளியின் பெயர்தான். தீரவத் ரத்தனமொங்கொன்சைசகுன். தடங்கலே இல்லாமல், மூக்கில் சரியாக ஒலித்தபடி, பதினோரு அசையும் வரிசையாக வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

7

லக்கியின் போன் இனியவன் சட்டைப் பையில் இருந்தது. கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஏஜென்ட் எண்ணுக்குத் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தான். எடுக்கவே இல்லை. லக்கியின் ஆதார் அட்டை ஏஜென்டிடம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நொறுங்கிய போன் அடித்தது. திரையில் இருந்த எழுத்து அவனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. எப்படியோ விரலைத் தேய்த்து எடுத்தான். ஒரு பெண் குரல் வேகமாகப் பேசியது.

"லக்கி... ஆஸ்பிடல்... லக்கி ஆஸ்பிடல்" என்றான் இனியவன்.

அந்தப் பக்கம் யாரென்று இந்தியில் கேட்டது.

"லக்கி? கோன் லக்கி?"

"லக்கி, லக்கிம்மா! ஆஸ்பிடல்!"

அவள் வேறு ஏதோ கேட்டாள். அதில் ஒரு பெயர் இருந்ததாக இப்போது நினைக்கிறான். அப்போது சத்தமாக மட்டுமே கேட்டது. பிறகு அவள், "ராங் நம்பர்" என்றாள். லைன் கட்டானது. அந்த ஒரு சொல்தான் அவனுக்குப் புரிந்தது.

திரும்ப அடிப்பதற்குள் போன் அணைந்துபோனது. சார்ஜ் ஏறவில்லை.

(சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் கேட்டேன். "ஒங்களுக்கு இப்ப தோணுது சார்" என்றான்.)

8

வெள்ளி கழிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் உறவு என்ன என்று கேட்டிருந்தது. இனியவன் 'நண்பர்' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் ராஜ்மோகனின் போன் வந்தது. பின்னால் கடை முழுக்கக் கூச்சல்.

"மச்சான்! போட்டாங்கடா! நம்மள பெரிய ஸ்க்ரீன்ல போட்டாங்கடா! அடியில 'விருத்தாசலம், இந்தியா'ன்னு எழுத்து ஓடுது. அந்த மனுஷன் எழுந்து நின்னு நம்மளப் பாத்து கும்புட்றாருடா!"

இனியவன் ஐசியூ வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

"ராஜி," என்றான். "லக்கி பேரு இன்னாடா?"

"லக்கிதான்."

"அது நீ வச்சது. அவன் சொன்னது இன்னா?"

கூச்சல் அப்படியே இருந்தது. ராஜ்மோகன் கடையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். ரோட்டுச் சத்தம் கேட்டது. "பஸ்ஸு சத்தத்துல சரியா காதுல வுழலடா" என்றான். பிறகு அழுதான். ராஜ்மோகன் அழுது இனியவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

சிம்மை எடுத்து வேறு போனில் போடலாம் என்று சொன்னது ராஜ்மோகன். சாதிக் பாய்க்கு உருது தெரியும், இந்தியும் வரும் என்று இனியவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஞாயிறு காலை இரண்டு பேரும் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். சிம்மை ராஜ்மோகன் தன் போனில் போட்டான். அதில் ஒரு எண்ணும் பதிந்திருக்கவில்லை. அவள் திரும்பக் கூப்பிட்டால்தான் உண்டு. மூன்று பேரும் வேப்பமரத்தடியில் போனை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

பத்தே காலுக்கு அடித்தது.

பாய் பேசினார். நிதானமாக, முதலில் தன் பெயரைச் சொல்லி, பிறகு ஊரைச் சொல்லி. அந்தப் பக்கத்திலிருந்து எழுந்த சத்தம் இனியவனுக்கும் கேட்டது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைக் கையால் மூடி, திரும்பினார்.

"அக்காவாம். ஜார்க்கண்டு, தும்கா பக்கம். சந்தாலிப் பழங்குடி ஆளுங்க. அந்தப் புள்ள பேரு லகிந்தர். லகிந்தர் ஹான்ஸ்தா."

"திரும்பச் சொல்லுங்க பாய்."

"ல. கிந். தர்."

"லகிந்தர்."

"ஹான்ஸ்தா. 'ஹான்' மூக்குல வரணும் தம்பி."

இனியவன் சொன்னான். ஒரே தடவையில் வந்துவிட்டது. ஐந்து அசை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

9

இங்கே நான் ஒரு பொய் எழுதியிருந்தேன். திங்கட்கிழமை பார்வை நேரத்தில் இனியவன் உள்ளே போகிறான். காதருகே குனிந்து "லகிந்தர்" என்கிறான். போர்வைக்கு வெளியே இருந்த இடது கை விரல் லேசாக —

அடித்துவிட்டேன். விரல் அசையவில்லை. இனியவன் குனிந்து பெயரைச் சொன்னது உண்மை. மூன்று தடவை சொன்னான். மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு லகிந்தர் இறந்துபோனான். அப்போது அவன் அக்காவும் சித்தப்பாவும் ரயிலில் ஆந்திராவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

10

அக்காவின் பெயர் பாஹாமுனி. மெலிந்த, உயரமான பெண். முப்பது வயதிருக்கும். புதன்கிழமை காலை ஆஸ்பத்திரி வாசலில் அவள் வந்து நின்றபோது இனியவனுக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை, அதே நெற்றி. அவள் கையில் லகிந்தரின் ஆதார் நகல் இருந்தது.

உடலைத் தருவதில் சிக்கல் வந்தது. ஆஸ்பத்திரிக் காகிதங்களில் இருப்பது லக்கி. அவள் கேட்பது லகிந்தர் ஹான்ஸ்தாவை. எழுத்தர் நல்லவர். உட்காரவைத்துத்தான் சொன்னார். "ரெண்டும் ஒரே ஆளுதான்னு தெரிஞ்சவங்க யாராவது எழுதிக் குடுக்கணும்பா. ஸ்டேஷன்லயும் ஒண்ணு, இங்கயும் ஒண்ணு."

இனியவன் எழுதினான். முதல் காகிதத்தில் தப்பு வந்தது. இரண்டாவதில் இரண்டு பெயரும் இடம் மாறிப்போயின, மூன்றாவதில் இப்படி வந்தது: 'லக்கி என்கிற லகிந்தர் ஹான்ஸ்தா என்பவரை எனக்கு இரண்டு வருடங்களாக நன்றாகத் தெரியும்.'

'நன்றாக' என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. எழுத்தர், "அப்டித்தான் எழுதணும், எழுதுங்க" என்றார். எழுதினான்.

'என்கிற' என்ற சொல்லை நாம் எங்கே பார்க்கிறோம்? செய்தித்தாளில், கைதானவர்களின் பெயருக்கு நடுவில். அந்தச் சொல் ஒரு மனிதனை அவன் வீட்டாரிடம் கொடுக்கவும் பயன்படும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு நாளில் அவன் அந்த வரியை ஒன்பது தடவை எழுத வேண்டிவந்தது: ஸ்டேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, யூனிட்டுக்கு, தொழிலாளர் அலுவலகத்துக்கு, எல்லாவற்றுக்கும் நகலோடு.

உடலை அவ்வளவு தூரம் கொண்டுபோக வழியில்லை என்று சித்தப்பா முடிவெடுத்தார். வியாழக்கிழமை மணிமுத்தாற்றங்கரையில் எரித்தார்கள். அந்த ஏழு பேரும் தூக்கினார்கள். தென்றல் பாஹாமுனியைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து குளிக்கவைத்து, தன் புடவையைக் கொடுத்தாள். சாப்பாடு போடும்போது, "இங்கதான் ஒக்காந்து சாப்ட்டாரு" என்று தரையைத் தொட்டுக் காட்டினாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

11

நான் திட்டமிட்டிருந்த முடிவு வேறு. அதை இங்கே வைக்கிறேன், பார்த்துவிட்டுத் தள்ளிவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு பொட்டலில் ஒரு ஆட்டம். தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள். ராஜ்மோகன் மைக்கைப் பிடித்து ஐந்து அசையையும் தவறில்லாமல் சொல்கிறான். எல்லோரும் திரும்பச் சொல்கிறார்கள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். எழுதியவனுக்கும் திருப்தி: உண்மைப் பெயர் கிடைத்துவிட்டது, பொய்ப் பெயர் ஒழிந்தது.

அந்த முடிவைக் கெடுத்தது பாஹாமுனி.

என் கவுன்டரில் இனியவன் அவளுக்கும் சித்தப்பாவுக்கும் டிக்கெட் எடுத்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், தம்பி ஆடிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். இனியவனும் தென்றலும் சாதிக் பாயும் கூட்டிப்போனார்கள். மழை விட்டு இரண்டு நாளாகியும் பொட்டலில் அங்கங்கே தண்ணீர் நின்றது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவரை நடந்துபோனாள். திரும்பி வந்து பாயிடம் ஏதோ கேட்டாள். பாய் இனியவனைப் பார்த்தார்.

"இங்க அவன என்ன பேரு சொல்லிக் கூப்புடுவீங்கன்னு கேக்குறாங்க."

காகிதத்தில் ஒன்பது தடவை எழுதிய அந்தப் பெயரை இனியவன் அதுவரை அவள் முன்னால் வாயால் சொன்னதில்லை. காலைப் பார்த்துக்கொண்டு, "லக்கி" என்றான்.

 அவள் பாயிடம் மெதுவாக, நீளமாகப் பேசினாள். பாய் ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பிச் சொன்னார்.

"வியாழக்கெழம போன எடுத்தது நீங்கதானான்னு கேக்குறாங்க... அந்தப் பேரு அவங்களுக்குத் தெரியாதாம்... ராங் நம்பர்னு வச்சிட்டாங்களாம்... எந் தம்பிக்கு எனக்குத் தெரியாத ஒரு பேரு இருந்திருக்குது, அந்தப் பேரச் சொல்லி ஒருத்தர் அழுதாரு, நான்தான் வச்சிட்டேன்ங்கறாங்க."

இனியவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். இல்லை என்கிற மாதிரியும் ஆமாம் என்கிற மாதிரியும்.

"லக்கி," என்று பாஹாமுனி சொல்லிப்பார்த்தாள். 'க்கி'யில் அழுத்தம் அதிகமாக விழுந்தது. இனியவனைப் பார்த்தாள். சரிதானா என்று கேட்பது புரிந்தது. அவன் சொல்லிக் காட்டினான். அவள் திரும்பச் சொன்னாள். இப்போது சரியாக வந்தது.

பிறகு இன்னொன்று கேட்டாள். பாய் இனியவன் பக்கம் திரும்பினார். 

"ஆட்டத்துல எப்டிக் கூப்புடுவீங்களாம்? அங்கருந்து, கோல்லருந்து, சத்தமா. அம்மாகிட்டப் போயி அப்டியே கூப்ட்டுக் காட்டணுமாம். ஒரு தடவ கூப்புடச் சொல்றாங்க."

12

இனியவன் கோல் போஸ்டுக்குப் போனான். நூறு தடவைக்குமேல் அங்கே நின்று அவன் கூப்பிட்டிருக்கிறான், பந்தை விடுடா என்று, திரும்பிப் பாருடா என்று. பாஹாமுனி அந்தப் பக்கம் போய் நின்றாள். இடது ஓரத்தில் நிற்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளாகவே அங்கே போய் நின்றாள்.

எந்தப் பெயரைக் கூப்பிட்டான் என்று இனியவன் என்னிடம் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்று, அவன் ஐந்து நாளாகச் சொல்லிப் பழகியது ஒன்று. தென்றலிடம் கேட்டிருக்கலாம். பாயிடமும் கேட்டிருக்கலாம்; மங்கலம்பேட்டை அரை மணி நேரம்தான். கேட்கவில்லை. நானாக ஒன்றை எழுதினேன், அடித்தேன். மற்றதை எழுதினேன், அதையும் அடித்தேன்.

ஆகவே இந்தக் கதை அவன் மூச்சை இழுத்த இடத்தில் நிற்கிறது. அவள் அந்தக் கோடியில் காத்துக்கொண்டிருக்கிறாள். மெயின் ரோட்டில் இப்போது வண்டி எதுவும் இல்லை. கூப்பிட்டால் கேட்கும்.

நீங்கள் கூப்பிடுங்கள்.